பூந்தமல்லி பவுண்டில் இருபத்தாறு கழுதைகள்

நம்முடைய கழுதைகள் இருபத்தாறையும் இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, பூந்தமல்லி பவுண்டில் அடைத்துவிட்டார்கள். அடைக்கச் சொன்னவர் உனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர். அதே வியாழக்கிழமை காலையில்தான் அவர் குடும்பத்தோடு கொரட்டூருக்கு வந்து, நம் கூடத்தில் ஜமக்காளத்தின்மேல் உட்கார்ந்து, உன் அம்மா கிண்டிய கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "பையன் பம்பாய்ல உத்தியோகம், அப்பா செங்கல் யாவாரம், நமக்கு வேற இன்னா வேணும் சம்பந்தி" என்று வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போனார். அவர் ஊர் போய்ச் சேருவதற்குள் அவருடைய நாற்றங்காலில் நம் கழுதைகள் இறங்கி மேய்ந்து முடித்திருந்தன. பயிரில் இறங்கிய ஆடுமாடுகளைச் சர்க்கார் அடைத்துவைத்து அபராதம் வாங்கும் பட்டிக்குத்தான் இங்கே பவுண்டு என்று பெயர். பம்பாயில் அதை என்னவென்று சொல்கிறார்களோ எனக்குத் தெரியாது. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் மனிதர்கள் அதன்மேல் ஏற்றிய பாரம்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. பவுண்டு சமாசாரத்தை உன் மாமனார் உனக்கு நேராகவே எழுதிவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது; நான் கட்டிய பள்ளிக்கூடச் சம்பளம் அந்த மட்டில் வீண்போகவில்லை. "அந்தப் பிராணிகளை அப்புறப்படுத்திவிடுவது உசிதம்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். "அந்த ஏற்பாடு" என்று ஓரிடத்தில். "தாங்கள் ஆரம்ப காலத்தில் செய்துவந்த தொழில்" என்று இன்னோரிடத்தில். ஆரம்ப காலமா? நீ அதை எழுதி உறையில் போட்டு ஒட்டிய நேரத்தில்கூட அவை ஆவடிக்குச் செங்கல் சுமந்து போய்க்கொண்டிருந்திருக்கும். நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுதை என்ற சொல் ஒரு தரம்கூட இல்லை. மூன்றே எழுத்து. அதை எழுதியிருந்தால் பேனா முள் உடைந்துபோயிருக்குமா? உன் பம்பாய்ச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களா?

நம் வீட்டில் அந்தச் சொல்லைப்போல் உழைத்த சொல் வேறு கிடையாது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அம்மா கொஞ்சியது "என் கழுதக்குட்டி" என்றுதான். நீ நடக்கக் கற்றுக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியபோது அதே வாய் "கழுத, அங்க போவாத" என்று அலறியது. நீ பரீட்சையில் தேறிய அன்று நான் "பரவால்லியே கழுத" என்றேன். அதற்கு மேல் பாராட்ட எனக்குத் தெரியாது. பானை உடைந்தால் "போனா போவுது கழுத." மழை வந்து சுடாத பச்சைக் கல் கரைந்தால் "கெடக்குது கழுத, மறுபடி அறுத்துக்கலாம்." உன் அக்கா கல்யாணமாகி வண்டியேறின அன்று உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "பொட்டக் கழுத, திரும்பிக்கூட பாக்காம போறா பாரு" என்று அழுதாள். இத்தனைக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. உனக்கு மட்டும் போதவில்லை. 'பிராணி' தேவைப்படுகிறது.

ஊர் அதை எப்படியெல்லாம் உபயோகிக்கிறது என்றும் பார். வயசைக் கழுதையால் அளக்கிறார்கள். உனக்கு ஏழு கழுதை வயசாகிறது என்பார்கள். ஒரு கழுதையின் வயசு எத்தனை என்று திருப்பிக் கேட்டால் சொன்னவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், பல்லைப் பார்த்துச் சொல்வேன். காட்டில் பிணம் தின்னும் ஒரு மிருகத்துக்குக் கழுதைப்புலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அதில் கழுதையும் கிடையாது, புலியும் கிடையாது. திருடினவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றிவரச் செய்தார்களாம் அந்தக் காலத்தில். அந்தக் கூட்டத்திலேயே ஒரு தப்பும் செய்யாதது கழுதை ஒன்றுதான். அவமானத்துக்கு உதாரணமாக நின்றதும் அதுதான். மழை பொய்த்தால் இரண்டு கழுதைக்கு மாலை போட்டுக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். நான்கு தூறல் விழுந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள். நம் தெருக்கோடியில் நிலத் தகராறுக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் கோர்ட்டுக்குப் போகிற நாளெல்லாம் நம் வேலி ஓரம் வந்து நிற்பார். கிளம்பும்போது கழுதை கத்தினால் காரியம் ஜெயம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணாத்தே, அத்த ஒரு குரல் கத்த வையேன், ரயிலுக்கு நேரமாவுது" என்று கெஞ்சுவார். கத்தியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். கொரட்டூர் ஸ்டேஷனில் எதிரே வந்தால் என்னைத் தெரியாதவர்போல மேற்கே பார்ப்பார். இந்த ஜனங்களுக்குப் பயந்துதான் நீ சொல் தேடி அலைகிறாய்.

ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்ட ஆரம்பித்தபோது நான் வாங்கிய பேச்சை உனக்குச் சொன்னதில்லை. யுத்த காலம், பெட்ரோல் ரேஷன், லாரிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மாட்டு வண்டி ஏரிக்கரை வளைவில் அச்சு முறிந்து கிடந்தது. என் கழுதைகள் ஒன்றுக்கு இருபது கல் வீதம், இரண்டு பக்கச் சாக்கிலும் சரிபாதி நிரவி, ஒற்றையடிப் பாதையில் ஆள் இல்லாமலே போய்ச் சேர்ந்தன. முதல் கழுதைக்கு வழி தெரிந்தால் போதும். அங்கே தெலுங்கு மேஸ்திரி ஒருவன் "காடிதா கொடுக்கா" என்பான். கிடங்கைப் பார்த்துக்கொண்ட வடக்கத்தியான் "கதே கா பச்சா" என்பான். வெள்ளைக்காரச் சார்ஜெண்டு "டாங்கி" என்பான். என்னையா, அதையா என்று அவனுக்கே தெளிவில்லை. நம்மூர்க் குமாஸ்தா தமிழிலேயே சொல்வான். நான்கு பாஷையில் கழுதை என்று பெயர் வாங்கியவன் உன் அப்பன். நான்கு பேரிடமும் பில் பாஸ் பண்ணி வாங்கியவனும் அவன்தான். நாம் இருக்கும் வீட்டின் சுவர் அப்படி எழும்பியது. உன் பம்பாய் டிக்கெட்டும் அப்படித்தான் எடுத்தது.

ஆனால் உன்னை மட்டும் குற்றம் சொன்னால் நான் பொய்யன். உனக்கு எட்டு வயசிருக்கும்போது வாத்தியார் உன்னைக் "கழுதக்காரன் புள்ள" என்று கூப்பிடுகிறார் என்று அழுதுகொண்டு வந்தாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஆமாம், அதுக்கு இன்னா இப்போ?" என்று கேட்டு உன்னைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. வாத்தியார் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு ஒரு நடைச் சுமை செங்கல்லை இலவசமாக இறக்கிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் உன்னைத் "தம்பி" என்றார். அந்தச் சொல் காசு கொடுத்து அழிக்கவேண்டிய கறை என்று உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான்தான். வாத்தியாரின் சுவர் இன்னும் நிற்கிறது. உன் வெட்கமும் நிற்கிறது. இரண்டுக்கும் கல் என்னுடையது.

அந்த முட்டாள்தனத்தையே இந்த வயசில் பெரிதாகச் செய்தேன். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் கழுதைகளை எங்கேயாவது அனுப்பிவிட்டால் தேவலை என்று தோன்றியது. உன் அம்மா சொன்னாள், நான் கேட்டேன் என்று எழுதினால் தப்பிக்கலாம், ஆனால் அவள் "வர்றவங்க வந்தா பாக்கட்டுமே, நம்ம சோத்த அவங்களா போடறாங்க?" என்றுதான் சொன்னாள். யோசனை என்னுடையது. தரகர் எனக்குச் சொன்னது "பூந்தமல்லிக்காரங்க, பழைய குடித்தனம், நஞ்சை கீது" என்று மட்டும். நஞ்சை எங்கே என்று நான் கேட்கவில்லை. சூளைக்கு மண் வாங்குவதானால் நேரில் போய்க் கையில் எடுத்துப் பிசைந்து பார்க்காமல் பேச்சுக்கே உட்காராதவன், சம்பந்தம் பேசுகிறபோது அவர் நிலத்தைப் பார்க்கப் போகவில்லை. நான் அவர் நிலத்தைப் பார்த்தால் அவர் என் தொழுவத்தைப் பார்க்க வருவார் என்ற பயம். செம்பரம்பாக்கம் ஏரி ஓரம் ஒரு சூளைக்காரர் வண்டல் மண் சுமக்க ஆள் கேட்டிருந்தார். நல்ல தூரம், இரண்டு நாள் வேலை, இங்கே சுத்தமாக இருக்கும் என்று காத்தவராயனோடு புதன்கிழமையே ஓட்டிவிட்டேன். காத்தவராயன் உனக்குத் தெரிந்தவன்தான், பத்து வருஷமாக நம் கழுதை ஓட்டுகிறான். அவன் வியாழக்கிழமை மத்தியானம் பாரம் இறக்கிவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனான். கழுதைகள் பச்சையாகத் தெரிந்த இடத்துக்குப் போயின. ஏரிப் பாசனத்தில் இருந்த அந்தப் பச்சை, நான் போய்ப் பார்க்காத நஞ்சை. எவர் கண்ணில் படக்கூடாது என்று அனுப்பினேனோ, அவர் வயிற்றிலேயே கொண்டுபோய் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பவுண்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டிருந்தவர் உன் மாமனார். நாற்றங்காலைத் தின்ற கழுதையின் சொந்தக்காரன் எவன் என்று பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "இன்னா சம்பந்தி, இம்மாந்தூரம்? வண்டி மாடு எதுனா மாட்டிகிச்சா?" என்றார். பொய் சொல்ல வாய் திறந்தேன், ஒளிப்பானேன். அதற்குள் முதல் கழுதை என்னைப் பார்த்துவிட்டது. கத்திக்கொண்டே வந்து படலுக்கு மேலே கழுத்தை நீட்டி என் சட்டைப் பையை முகர்ந்தது. அதில் நான் வெல்லம் வைத்திருப்பது அதற்குத் தெரியும். பிறகு எல்லாம் சேர்ந்து கத்தின. எல்லாவற்றுக்கும் இடது காதில் ஒரே மாதிரி வெட்டு, நம் அடையாளம். அவர் காதுகளைப் பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"செங்கல் யாவாரம்னு சொன்னீங்க."

"ஆமா. செங்கல் இன்னா, தானா நடந்தா போவும்?"

"எங்க ஜனம் இன்னான்னு சொல்லும்? பொண்ண கழுதக்காரன் ஊட்டுக்குக் குடுத்தான்னு காறித் துப்பும். எந்தக் கழுத இத்தயெல்லாம் அவுத்து உட்டதுன்னு ராத்திரிலேர்ந்து கத்திகினு கீறேன். கடைசில பாத்தா நீங்க."

"நான்தான் அந்தக் கழுத. நஷ்டத்தச் சொல்லுங்க, குடுக்கறேன்."

"நஷ்டம் கெடக்குது. எல்லாத்தையும் வித்துட்டு வாங்க, பேசலாம். ஒண்ணு வுடாம. இல்லன்னா தாம்பூலத்த மறந்துடுங்க." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கௌரவத்துக்கு ஒரு குடை.

அபராதம் கட்டி ஓட்டும்போது தலை எண்ணினேன். இருபத்தைந்து பெரியதும் ஒரு குட்டியும் இருக்க வேண்டும்; இருபத்துநான்குதான் இருந்தன.  கறுப்பி என்று நாம் சொல்லும் பெட்டையையும் காணோம், அதன் குட்டியையும் காணோம். பவுண்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "கோச்சிக்காதீங்க நைனா. அது இப்ப கொடையோட போனாரே, அந்த ஐயா ஊட்டு பின்னாடி கட்டிகீது. அவரு பேத்திக்குக் கக்குவான் இருமல். கறுப்புக் கழுதப் பால் சங்குல குடுத்தா நிக்கும்னு வைத்தியர் சொன்னாராம். அந்தம்மா நேத்து பொழுது சாய ஆள் அனுப்பி ஓட்டிகினு போச்சு." அவன் கையில் ஏதோ வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை.

உன் மாமனார் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போனேன். முருங்கை மரத்தில் கறுப்பியைக் கட்டியிருந்தார்கள். குட்டியைத் தூரத்தில், மாட்டுக் கொட்டகைத் தூணில். வேலைக்காரி மடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டு வரவில்லை, கறுப்பி உதைத்துக்கொண்டிருந்தது. உன் மாமியார் கையில் சங்கோடு நின்றார். கொல்லை வாசற்படியில் உன் மாமனார் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தை இருமி இருமி நீலம் பாரித்துப் போயிருந்தது. "அழுவாதடி என் கழுதக்குட்டி, தோ வந்துடும் பாலு, அழுவாதடி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அரை மணிக்கு முன்னால் கழுதக்காரன் என்று ஊர் காறித் துப்பும் என்று சொன்னதும் அதே வாய்தான். என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்விட்டார். உன் மாமியார் போகவில்லை. அந்த வீட்டில் முதுகெலும்பு உள்ளது அந்த அம்மாள் ஒருத்திதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, கேக்காம ஓட்டிகினு வந்தது தப்புதான். நாலு நாளு உட்டுட்டுப் போங்க. பெரிய பொண்ணு புள்ளயப் பாத்துப் பாத்து சோறு தண்ணி இல்லாம கெடக்கறா."

"குட்டிய தள்ளிக் கட்டினா அது எப்படிம்மா பால் குடுக்கும்? மொதல்ல குட்டி வாய வெக்கணும். அப்பறம் நீங்க சங்க வைங்க" என்று குட்டியை அவிழ்த்து விட்டேன். குட்டி முட்டியது, மடி இளகியது, சங்கில் அரைக்கு மேல் வந்தது. கழுதைப் பாலில் என்ன மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது, அதைப் பார்த்தேன். கறக்கத் தெரிந்த காத்தவராயனை, கள்ளுக்கடை வாசலை மிதித்தால் காலை உடைப்பேன் என்று சொல்லி, அங்கேயே விட்டுவிட்டு மற்றவற்றை ஓட்டிக்கொண்டு வந்தேன். நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் படியில் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அவர்மேல் எனக்கு இருந்த பயம் முழுசும் போய்விட்டது. அதற்கு நான் கொடுத்தது ஒரு கழுதையின் நான்கு நாள். கொள்முதல் மலிவு.

ஆனால் உன்மேல் இருந்த பயம் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை உன் நான்கு பக்கம் வந்ததும் இடிந்துபோனேன். மாமனார் வேண்டாம் என்றால் வேறு மாமனார் கிடைப்பார். மகன் பம்பாயிலேயே இருந்துவிட்டால் வேறு மகனுக்கு எங்கே போவேன்? உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் திருநின்றவூரில் கழுதை வாங்கி விற்கிறவனுக்கு ஆள் அனுப்பினேன். அவன் சனிக்கிழமை வந்து ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து பார்த்தான், குளம்பைத் தட்டினான், ஒரு விலை சொன்னான். நல்ல விலைதான். திங்கட்கிழமை காலையில் ஓட்டிக்கொள்வதாகப் பேச்சு. அவன் போன பிறகு நான் தொழுவத்துப் பக்கம் போகவில்லை. உன் அம்மா வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் போய் உக்காந்துனு இருக்கற பம்பாய் நாற்காலிக்கு காலு நாலும் கழுத காலுதான்னு எழுது" என்றாள். அதை நான் எழுதப்போவதில்லை என்றேன். இப்போது எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் எதிர்பார்க்கவில்லை, உன் மாமனார் தனியாக வந்தார். கூடத்துக்குக் கூப்பிட்டேன், வேண்டாம் என்று நேரே தொழுவத்துக்கு நடந்தார். சாணத்தில் செருப்பு பதிந்ததை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். சொன்ன நான்கு நாளும் கடந்துவிட்டது, கறுப்பி இன்னும் அவர் கொல்லையில்தான் இருந்தது. குழந்தைக்கு இருமல் பாதி நின்றுவிட்டது, இன்னும் ஒரு மாசம் கொடுக்கச் சொல்கிறார் வைத்தியர் என்றார். நல்லது என்றேன்.

"எல்லாத்தையும் வித்துடச் சொன்னேனே, இன்னா பண்ணீங்க?"

"நாளைக்கு ஆள் வர்றான். வெலை பேசியாச்சு."

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "கறுப்பியுமா?"

"ஒண்ணு வுடாமன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது வேற சம்பந்தி. அத்த மட்டும் நிறுத்திக்குங்களேன்."

"ஒரு கழுத வெச்சிருந்தாலும் கழுதக்காரன், இருவத்தாறு வெச்சிருந்தாலும் கழுதக்காரன். ஒண்ணுன்னா மட்டும் உங்க ஜனம் துப்பாதா?"

"இன்னும் ரெண்டு மாசம் கழிச்சி விக்கலாம்ல?"

"உங்க கௌரவம் ரெண்டு மாசம் தாங்குமா? மொதல்ல அத்தக் கேட்டுகினு வாங்க."

தொழுவத்தின் அந்தக் கோடி வரை நடந்து திரும்பி வந்தார். குழந்தை விஷயத்தில் நான் அப்படிச் செய்திருக்கவே மாட்டேன். திருநின்றவூர்க்காரனிடம் கறுப்பி கிடையாது என்று சனிக்கிழமையே சொல்லியாயிற்று. ஆனால் அதை நான் அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? எதிராளிக்குத் தேவை இருக்கிறபோது நம் தேவையை வாயால் சொல்லாதே என்று உனக்குப் பத்து தரம் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் உனக்கு அது உதவும். மாமனாரிடம் உதவும், பெண்டாட்டியிடம் மட்டும் முயற்சி செய்து பார்க்காதே, தோற்பாய்.

பிறகு பேரம் ஆரம்பமாயிற்று. கழுதைகள் இருக்கட்டும், ஆனால் பத்திரிகையில் என்னைச் செங்கல் கான்ட்ராக்டர் என்று போட வேண்டும் என்றார். போடுங்கள் என்றேன், காகிதத்தில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், பாரம் தெரியாது. கல்யாணத்து அன்று கழுதைகள் ரோட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்றார். முகூர்த்த நாளில் நான் வேலை வைப்பதில்லை, அவையும் கல்யாணத்துக்கு லீவு எடுக்கட்டும் என்றேன். நாற்றங்காலுக்குப் பணமாகத் தருகிறேன் என்றேன். பணம் வேண்டாம், கொல்லைச் சுவர் இடிந்து கிடக்கிறது, கல்லாகக் கொடுங்கள் என்றார். கல்லானால் என் கழுதைமேல்தான் வரும், பூந்தமல்லி கடைத்தெரு வழியாக, பட்டப்பகலில், உங்கள் முன்வாசலில்தான் இறங்கும் என்றேன். அவர் செருப்பில் ஒட்டிய சாணத்தை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டார். "பின்பக்கமா வரக் கூடாதா?" என்றார். "பின்பக்கமா ஒண்ணு ஏற்கெனவே வந்துடுச்சே, போதும்" என்றேன். சிரித்துவிட்டார். சிரிக்கத் தெரிந்த மனிதர். அதுவும் இல்லையென்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று உனக்குத் தந்தி அடித்திருப்பேன்.

திருநின்றவூர்க்காரனுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. மாமனாரும் நானும் கை அடித்து ஒப்புக்கொண்டது இது. தை மாதம் முதல் முகூர்த்தம். நீ பத்து நாள் முன்னதாக வர வேண்டும், வந்த மறுநாள் என்னோடு பூந்தமல்லிக்குக் கல் ஏற்றிக்கொண்டு கழுதைகளின் பின்னால் நடந்துவர வேண்டும், வெள்ளைச் சட்டையோடு. இதை நான் கேட்டேன், அவர் தலையாட்டிவிட்டார், உன்னைக் கேட்கவில்லை. பெண்ணுக்கு நகை அவர் பிரியம்போல், ரொக்கம் நான் வாங்குவதில்லை. நாற்றங்காலுக்கு ஈடாக இரண்டாயிரம் கல், முன்வாசலில் இறக்கிக் கொடுப்பது. கறுப்பியும் குட்டியும் குழந்தைக்கு இருமல் நிற்கும் வரை அவர் கொல்லையில் இருக்கும். தீனி அவர் செலவு, காத்தவராயன் கூலி என் செலவு, பாலுக்கு விலை இல்லை.